அம்மாவை ஐசியூவில் விடப் பயமாக இருக்கிறது

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 37 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பேர், ஆஸ்பத்திரி அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற ஆவணியில் அவருடைய அப்பா தோட்டத்திலிருந்து டூவீலரில் வரும்போது விழுந்து தலையில் அடிபட்டது. வயது 66. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாலாம் நாள் கண் திறந்து மகளைப் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள் காய்ச்சல். சளியிலும் ரத்தத்திலும் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருக்கிறது, சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாத ரகம் என்றார்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் போட்டார்கள். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் வரை போய், 23-ம் நாள் இறந்துபோனார். காப்பீடு போக மிச்சப் பணத்துக்கு, இருந்த இரண்டு ஏக்கரில் ஒன்றை விற்றிருக்கிறார்கள்.

இப்போது அம்மாவுக்கு மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. வயது 61, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. பைபாஸ் செய்தாக வேண்டும், அடுத்த மாதம் தேதி. "மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார என்னால் முடியாது" என்கிறார். தம்பி சென்னைக்குப் போகலாம் என்கிறார். மாமா அரசுப் பெரியாஸ்பத்திரி போதும் என்கிறார். அப்பாவுக்கு எடுத்த எடுப்பிலேயே பெரிய மருந்தைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அம்மாவுக்கு இப்போதிருந்தே ஆன்டிபயாடிக் கொடுத்து வைக்கலாமா? அப்பாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்களே, அது எங்களுக்கும் இருக்குமா? ஆஸ்பத்திரி மேல் கேஸ் போடலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்: "ஒரு சிஸ்டர் கிளவுஸ் போட்ட கையோடு பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சளி உறிஞ்சினார். அதே கையோடு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். அப்புறம் வந்து அப்பா கழுத்துக் குழாயைச் சரி செய்தார். கிளவுஸ்தான் போட்டிருக்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

நீங்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் மருந்தைப் பற்றியவை. ஆனால் விஷயம் இருப்பது இந்த நாலு வரியில்தான். இருபது வருடத்துக்கு மேலாக ஐசியூவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கிருமிகள் காற்றில் பறந்து வந்து பிடிப்பது குறைவு. பெரும்பாலும் யாராவது ஒருவர் கையில்தான் வருகின்றன. டாக்டர் கை, சிஸ்டர் கை, பிசியோதெரபிஸ்ட் கை, நம் கை. கிளவுஸ் என்பது போட்டிருப்பவரைக் காப்பாற்றுவது. மாற்றாமல் அடுத்த நோயாளியைத் தொட்டால் அதுவும் அழுக்குக் கைதான். ஆளுக்கு ஆள் கிளவுஸை மாற்ற வேண்டும், கழற்றியதும் கையையும் சுத்தம் செய்ய வேண்டும்.

அந்தச் சிஸ்டரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அன்று அவர் எத்தனை படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியாது. வென்டிலேட்டரில் இருக்கிற ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது முறை. மூன்று பேரை ஒருவர் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் கை சுத்தம் செய்ய அவருக்கு நேரம் ஏது? நீங்கள் பேசாமல் இருந்ததும் தப்பில்லை. அதைச் சொல்லலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பழகியது உடம்பு இல்லை

விவசாயக் குடும்பம் என்பதால் எளிதாகப் புரியும். ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாதாரணக் களை செத்துவிடும். அதற்குத் தப்பிய ஒன்றிரண்டு இடம் காலியானதும் வயல் முழுக்கப் பரவும். மண் கெட்டதா? இல்லை, களை மாறிவிட்டது. அதேபோல மருந்துக்குப் பழகியது உங்கள் அப்பாவின் உடம்பு இல்லை, கிருமி. அது ரத்தவழியாகப் பிள்ளைகளுக்கு வருகிற சமாச்சாரம் கிடையாது.

களைக்கு இல்லாத ஒரு கெட்டிக்காரத்தனம் கிருமிக்கு உண்டு. மருந்தை முறியடிக்கிற மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். ஐசியூவில் எல்லாருமே பலவீனமானவர்கள், எல்லாருக்குமே ஆன்டிபயாடிக் போகிறது, எல்லார் உடம்பிலும் குழாய்கள். கிருமிக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது. கிளெப்சியெல்லா மட்டுமில்லை, அசினெட்டோபேக்டர் என்று ஒன்று உண்டு. அது காய்ந்த பரப்பில், அதாவது கட்டில் கம்பியில், மானிட்டர் பட்டனில், பிபி பட்டையில், வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அதனால்தான் "தரை கண்ணாடி மாதிரி இருந்தது, எப்போதும் பினாயில் வாசனை, இங்கே எப்படிக் கிருமி வந்தது?" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. நோயாளி தரையில் படுப்பதில்லை. கை படுகிற இடம்தான் முக்கியம். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஐசியூவில் ஒரே மூலையில் இருந்த இரண்டு படுக்கைகளில் மட்டும் மாறி மாறித் தொற்று வந்துகொண்டிருந்தது. மருந்தை மாற்றினோம், படுக்கையை மாற்றினோம், நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், பக்கத்தில் இருந்த கை கழுவும் தொட்டிதான் காரணம். மிச்சமான டிரிப்ஸ், டீக் கசடு எல்லாம் அதில்தான் கொட்டினோம். வடிகுழாய்க்குள் கிருமி பாசி மாதிரி படிந்து, குழாயைத் திறக்கும்போதெல்லாம் தெறித்த நீர் பக்கத்து டிரேயில் விழுந்திருக்கிறது. கை கழுவ வைத்த தொட்டியே கிருமியைக் கொடுத்தது! அதற்கப்புறம் எந்த ஐசியூவுக்குப் போனாலும் என் கண் முதலில் தொட்டிக்குத்தான் போகும்.

பெரிய மருந்தை முதலிலேயே போட்டிருந்தால்?

உங்களை மிகவும் வாட்டுகிற கேள்வி இதுதான் என்று தெரிகிறது. மருந்து கேட்காத கிருமி வரும் என்று பயந்து முதல் நாளே மெரோபெனம், கொலிஸ்டின் போன்ற பெரிய ஆன்டிபயாடிக்குகளைப் போட்டிருந்தால், குடலில் நமக்கு நல்லது செய்கிற சாதுவான கிருமிகள் செத்து, முரட்டுக் கிருமிக்கு இடம் காலியாகியிருக்கும். தொற்று வராமல் தடுக்க அது உதவியிருக்காது. முறையான வழி வேறு: தொற்று என்று சந்தேகம் வந்தால் முதலில் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பது, நிலைமை மோசமாக இருந்தால் உடனே மருந்தைத் தொடங்குவது, இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்ததும் தேவையில்லாததை நிறுத்துவது.

கொலிஸ்டினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தை ஏன் போட்டார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அது புது மருந்து இல்லை. 1950-களில் வந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970-களில் ஓரங்கட்டப்பட்டது. வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு பரணிலிருந்து திரும்ப இறக்கியிருக்கிறோம். ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்த நேரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தது, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால், தவறான முடிவாக எனக்குத் தெரியவில்லை. இதே கொலிஸ்டினைக் கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்கென்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தடை செய்தது.

அம்மாவுக்கு இப்போதிருந்தே ஆன்டிபயாடிக் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பைபாஸுக்குத் தொற்று வராமல் தடுக்க ஓர் ஆன்டிபயாடிக் ஊசி உண்டு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடுவார்கள். அதுவும் பொதுவாக 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டியது. அதற்கு மேல் நீட்டினால் லாபமில்லை, நஷ்டம் உண்டு. சளி பிடித்தாலே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கம் அம்மாவுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக நாமும் கை நீட்ட வேண்டியதில்லை.

அம்மாவின் நிலை அப்பாவின் நிலை இல்லை

அப்பாவுக்கு நினைவு சரியாகத் திரும்பாததால் வாரக்கணக்கில் வென்டிலேட்டர், கழுத்தில் துளை, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாய் (லைன் என்போம்), யூரின் டியூப். ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். ஒவ்வொரு நாளும் அந்த வாசல் திறந்தே கிடக்கும். பைபாஸ் செய்தவர்கள் பெரும்பாலானோருக்கு அன்று இரவோ மறுநாளோ வாய்க் குழாயை எடுத்துவிடுவோம். எல்லாம் சரியாகப் போனால் ஐசியூ வாசம் இரண்டு மூன்று நாள்தான். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை இருக்கிறது, நெஞ்செலும்பில் காயம், பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த காயம். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பயந்து பைபாஸைத் தள்ளிப்போட்டால் மாரடைப்பு வந்து, அவசர கேஸாக, நாம் பயப்படுகிற அதே நீண்ட ஐசியூ வாசத்துக்கு அவரே போக நேரிடும்.

இந்த ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆபரேஷன் தேதியைவிட மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு முக்கியம் என்று சில சர்ஜன்கள் தேதியையே மாற்றுவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை இன்றே நிறுத்த வேண்டும். பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, சொத்தைப் பல்லோ சீழோ இருந்தால் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவி கொடுப்பார்கள். அதை ஆபரேஷனுக்கு அப்புறம்தான் என்று வைத்திருக்காமல் இப்போதே மூச்சை உள்ளே இழுத்துப் பழகட்டும். முதல் நாளும் அன்று காலையும் சோப்பு போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். கால் முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி உட்காரும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள்.

சென்னையா, பெரியாஸ்பத்திரியா, பழைய இடமா?

செலவு அதிகமான இடத்தில் கிருமி குறைவு என்று விதி எதுவும் இல்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் மற்ற ஊர்களில் கைவிட்ட நோயாளிகள், ஏற்கெனவே முரட்டுக் கிருமியோடு வந்து சேர்கிறார்கள். தனியார் என்றால் சுத்தம், அரசு என்றால் கிருமி என்பதும் அப்படியே நம்ப வேண்டிய விஷயம் இல்லை. பைபாஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு, இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாம். மிச்சமிருக்கிற ஒரு ஏக்கரை நினைத்துச் சொல்கிறேன்.

சேர்க்கும் முன் போய் நேரில் கேளுங்கள். தொற்றுத் தடுப்புக்கென்றே தனி நர்ஸ் இருக்கிறாரா? ஒவ்வொரு படுக்கைக்கும் கை சுத்தம் செய்யும் திரவ பாட்டில் இருக்கிறதா, அதில் திரவம் இருக்கிறதா? (சிரிக்காதீர்கள், காலி பாட்டில் தொங்கிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.) வென்டிலேட்டர் தொற்று, லைன் தொற்று எத்தனை வருகிறது என்று மாதாமாதம் கணக்கு வைக்கிறார்களா? வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களைப் பரிசோதித்துத் தனியாக வைக்கிறார்களா? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? பதில் என்ன என்பதைவிட, பதில் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். "எங்களிடம் தொற்றே கிடையாது" என்று சொல்கிற இடத்தைவிட, "போன மாதம் இரண்டு வந்தது, இப்படிச் சரி செய்தோம்" என்று சொல்கிற இடத்தில் நான் என் அம்மாவைச் சேர்ப்பேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் செய்து பார்த்து, 2006-ல் வெளியிட்டார்கள். கை சுத்தம், லைன் போடும்போது முழு உடை, தோலைக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. இந்த ஐந்துதான். ஒன்றரை வருடத்தில் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புது மருந்து ஒன்றுகூட இல்லை. நம் பக்கமும் 2012-ல் டாக்டர்கள் சங்கங்கள் கூடி, மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாளில் இருப்பது படுக்கை வரை வந்து சேர்வதுதான் கஷ்டம்.

பாஸ் வாங்கி உள்ளே போகும்போது

இதைச் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் அப்பா நெற்றியில் பாண்டி கோயில் விபூதி பூசி, கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யூரின் பை தரையில் கிடந்ததைப் பார்த்து எடுத்துப் படுக்கை மேல் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களால்தான் தொற்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிருமி அங்கேயே இருந்தது. ஆனால் அடுத்த முறை இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

யூரின் பை இடுப்பு மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையைத் தொடவும் கூடாது. மேலே வைத்தால் பையில் உள்ள பழைய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். கீழே கிடந்தால் நீங்கள் தொடாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். விபூதியை வீட்டிலேயே பூசி அனுப்புங்கள். ஐசியூவுக்குள் பூ, தாயத்து, கோயில் கயிறு வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் திரவத்தை உள்ளங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி தேய்த்து, காய விடுங்கள். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும். வளையல், மோதிரம் வெளியே இருக்கட்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டால்கூட நீங்கள் கொடுக்கப் போகாதீர்கள். மதுரைக்காரர்களுக்கு இது கஷ்டம்தான், தெரியும்.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து உங்களிடம் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இன்றைக்கு எந்தக் குழாயை எடுக்கலாம்?" தினமும் கேளுங்கள். சந்தேகப்படுகிற தொனி வேண்டாம், ஞாபகப்படுத்துகிற தொனி போதும். யாராவது கை சுத்தம் செய்யாமல் அம்மாவைத் தொட வந்தால், "சிஸ்டர், கையில் கொஞ்சம் திரவம் போட்டுக்கொள்ளுங்களேன்" என்று சொல்லலாம். முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். என்னிடம் ஒரு பாட்டி அப்படிச் சொன்னபோது எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் சொன்னது சரி.

கேஸ் போடலாமா?

நான் வக்கீல் இல்லை, அதனால் சுருக்கமாக. ஐசியூவில் தொற்று வந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்கு அத்தாட்சி ஆகாது. எல்லாம் சரியாகச் செய்கிற இடத்திலும் சிலருக்கு வரும். செய்ய வேண்டிய சாதாரணக் கவனிப்பைச் செய்யவில்லை, அதனால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் கண்ணால் பார்த்த கிளவுஸ் சம்பவம் ஒரு தகவல். அதை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம் என்பது என் எண்ணம். ஆனால் முழு கேஸ் ஷீட்டையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கடமை, அதனால் இப்போதே வாங்கிவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வாங்கிய காகிதத்தை முதலில் அந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒரு டாக்டரிடமும், பிறகு வக்கீலிடமும் காட்டுங்கள். அம்மா ஆபரேஷன் முடிகிற வரை இந்த வேலையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட் நகல் உங்களிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அம்மாவைச் சர்ஜனிடம் காட்டப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். வீட்டில் ஒருவருக்கு இந்தக் கிருமி இருந்தது, அம்மாவும் அந்த நாட்களில் தினமும் உள்ளே போய் வந்தார் என்று சொல்லுங்கள். அம்மா குடலில் அது தங்கியிருக்கிறதா என்று பஞ்சால் துடைத்துச் சோதிக்கலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இருந்தாலும் அது நோய் இல்லை, அதற்கு மருந்து சாப்பிடவும் வேண்டாம். நாலு வயதுப் பேரனை அப்பத்தாவிடமிருந்து பிரித்து வைக்கவும் வேண்டாம்.